இடது பக்கம் அரை இஞ்சு

இருதயராஜின் மோட்டார் சைக்கிளை ஒருமுறை இரவல் வாங்கியவர்கள் மறுமுறை கேட்டதில்லை. கேட்டால் இல்லையென்று சொல்கிற ஆளல்ல அவர். சாவியை நீட்டும்போதே, "பாத்து ஓட்டு, கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். அவர் சொல்கிற 'கொஞ்ச'த்துக்கும் அந்த வண்டி செய்கிற காரியத்துக்கும் சம்பந்தமே இருக்காது என்பதுதான் சங்கடம்.

கடைசியாக வாங்கியவர் தேவநாதன். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் இருதயராஜோடு சேர்ந்து ஃபிட்டர் வேலை பார்ப்பவர். முகையூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் செம்மண். சட்டைப் பையில் நாலு மல்லாட்டை, உரிக்காத வேர்க்கடலை.

"இன்னாப்பா வண்டி இது? நான் நேராப் போறேன், அது ரோட்ட உட்டுட்டுக் கொல்லிக்குப் போவுது. ரோட்டுல காயப் போட்டிருந்த மல்லாட்டை மேல ஏறி உழுந்தேன். அந்தம்மா தொடப்பக்கட்டைய எடுத்துக்கினு ஓடியாருது."

"சொன்னேனே, வலப்பக்கம் இழுக்கும்னு."

"இழுக்கும்னு சொன்ன. வேலி தாண்டும்னு சொல்லலியே."

"பின்னாடி டீச்சர் ஒக்காந்தா நேராப் போவும்பா."

"அப்ப வண்டி குடுக்கும்போது டீச்சரையும்…" என்று ஆரம்பித்த தேவநாதன், காபி டம்ளரோடு வாசலுக்கு வந்த சவுரியம்மாளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க எடைக்கு ஒரு கல்லாச்சும் கட்டிக் குடுக்கச் சொல்றேன்."

சவுரியம்மாள் சிரிக்கவில்லை. தேவநாதனின் முழங்கையில் வழிந்திருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வண்டி அவளுக்காகச் செய்யப்பட்டது. கம்பெனியில் அல்ல, விழுப்புரத்தில். செய்தவர் அவள் புருஷன்.

இருதயராஜுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. முகையூருக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போன குடும்பம். ரயில்வேயில் மூட்டை தூக்குகிற கலாசியாகச் சேர்ந்து, படிப்படியாக ஃபிட்டர் ஆனவர். ரயில் வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு குனிந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது தொண்டை கட்டிய மாதிரி பேசும். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் வீட்டிலும் இருப்பார். யார் எந்தக் குரலில் என்ன சொன்னாலும் விரிசல் எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வாய் திறந்து சொல்வது மட்டும் கிடையாது.

வாய் திறக்க அந்த வீட்டில் இடமும் இல்லை. இரண்டே அறை. அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். இருதயராஜுக்கும் சவுரியம்மாளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி மற்ற எல்லாரும் பேசினார்கள், அவர்கள் இரண்டு பேரைத் தவிர. மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து "இன்னா, தூக்கம் வரலியா?" என்று குரல் வரும்.

ஆகவே அவர்கள் பேசியதெல்லாம் வண்டியில்தான். திருவாமாத்தூர் சாலையில் ஒரு சின்ன ஆர்.சி. பள்ளிக்கூடம். சவுரியம்மாள் அங்கே டீச்சர். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். எண்பத்து மூன்றில், ஒரு பால்காரரிடமிருந்து பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ஒன்றை இருதயராஜ் வாங்கியபோது, தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடாயிற்று. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதுவே பெரிய வசதியாக இருந்தது. குழந்தையைப் பற்றிக்கூட அவள் ஒருமுறை அங்கேதான் பேசினாள். "எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியலங்க. உங்களுக்கு?" "இல்ல," என்றார். அதற்கப்புறம் ஒரு பனைமரம், ஒரு கிணறு, ஒரு சுமைதாங்கிக் கல் கடந்து போயின. "நெஜமா இல்ல" என்று மறுபடி சொன்னார்.

ஏழு கிலோமீட்டருக்கு ஒரே ஒரு குறை. அவள் உட்கார்ந்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. முதலில் சுமாராக, போகப் போக அதிகமாக. ஏரிக்கரை வளைவில் ஒருநாள் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் வாய்க்காலில் கிடந்தார்கள். அவளுக்கு முழங்கை உரிந்தது. அதைவிட, திருத்தி வைத்திருந்த நாலாம் வகுப்புப் பரீட்சைத் தாள் முப்பத்திரண்டும் சேற்றில் ஊறிவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடியில் அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்:

"நாளையிலருந்து நான் பஸ்ல போயிக்கிறேன்."

விரிசல் இல்லாத குரல். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் இருதயராஜ் வண்டியைப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சீனுவாசன் பட்டறைக்குத் தள்ளிப்போனார். சீனுவாசன் பின்சக்கரத்தின் இரண்டு பக்கத்து ஷாக்கப்சரையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, ரெண்டும் செத்துப் போயிடுச்சு என்றார். புதிது இரண்டு போட்டார்கள். தனியாக ஓட்டினால் தேன் மாதிரி போயிற்று. கெஞ்சிக் கூத்தாடி சவுரியம்மாளை ஏற்றினால் மறுபடியும் இடப்பக்கம்.

"அண்ணிய ரெண்டு பக்கமும் காலு போட்டு ஒக்காரச் சொல்லுண்ணே. எல்லாம் சரியாப் பூடும்," என்றார் சீனுவாசன்.

"பொடவ கட்டிக்கினா? புள்ளைங்க பாக்காது?"

"அப்ப வண்டி மேல குத்தம் சொல்லாத. பொம்பளைங்க எல்லாரும் இடப்பக்கந்தான் காலத் தொங்கப் போட்டுக் குந்துறாங்க. லோடு ஒரு பக்கம் உழுந்தா எந்த வண்டியும் இழுக்கத்தான் செய்யும். அதுக்கு இன்னா பண்ண முடியும்?"

இன்னா பண்ண முடியும் என்பது ரயில்வே ஃபிட்டரைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், சாய்ந்த பக்கத்து ஸ்பிரிங்குக்கு அடியில் ஓர் இரும்புத் தட்டைச் சொருகி உயர்த்துவார்கள். பேக்கிங் என்று அதற்குப் பெயர். பதினேழு வருஷமாக அவர் செய்துகொண்டிருப்பதே அதுதான். பெட்டிக்கு ஆகும் வைத்தியம் ராஜ்தூத்துக்கு ஆகாதா?

முதலில் எடை தெரியவேண்டும். கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்கு?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்டேஷன் பிளாட்பாரத்து எடை மெஷினில் ஏறச் சொன்னார். விளக்குகள் சுழன்று, அட்டை விழுந்தது. ஐம்பத்து நாலு கிலோ. மறுபுறம் ஜோசியம்: பொறுமையால் காரியம் கைகூடும். "இது எனக்குச் சொன்னதா, வண்டிக்குச் சொன்னதா?" என்று கேட்டுக்கொண்டே அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வாய்க்காலில் விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவே வேடிக்கை பார்த்தது. நின்ற வண்டியில் இருதயராஜ் முன்னால், பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு சவுரியம்மாள் பின்னால். வண்டிக்குப் பின்னே கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையில் மண்டியிட்ட தேவநாதன்.

"மூச்ச விடாதீங்க டீச்சர். குண்டு ஆடுது."

"எவ்ளோ நேரம் மூச்சப் புடிக்கிறது?"

"பூசையில முழங்காலு போடறீங்க இல்ல, அந்த மாதிரி நெனச்சிக்குங்க."

"ரெண்டு பேரும் எங்க போறாங்க, வண்டிய நிறுத்தி வச்சிக்கினு?" என்று யாரோ கேட்க, "மெட்ராசுக்கு," என்றான் இருதயராஜின் தம்பி. கயிறு சக்கரத்தின் நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. வண்டி அவ்வளவு சாய்ந்திருந்தது.

ஒரு துண்டுக் குழாயை அறுத்து, லேத்தில் கொடுத்துக் கடைந்து, அரை இஞ்சு உயரத்துக்கு ஒரு ரிங். அதை இடப்பக்கத்து ஷாக்கப்சரின் ஸ்பிரிங்குக்கு அடியில் சொருகினார். வலப்பக்கத்தில் ஒன்றும் கிடையாது. சீனுவாசன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ணே. ஒரு பக்கம் மட்டும் ஏத்தினா சக்கரத்தப் புடிச்சிக்கினு இருக்கிற ஃபோர்க்கு முறுக்கிக்கும். உள்ளாற வளையமாட்டம் இருக்கிற புஷ்ஷு தேஞ்சிடும். பேஜாரு புடிச்ச வேல."

"லோடு சமமா இருந்தா ஷாக்கும் சமமா இருக்கலாம்."

"புஷ்ஷு?"

"வருஷத்துக்கு ஒரு தரம் மாத்திக்கிறேன்."

சீனுவாசன் சொன்னதுதான் சரி. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வான். ஆனால் திங்கட்கிழமை காலை ஏரிக்கரை வளைவில், ஐம்பத்து நாலு கிலோவை ஒரு பக்கமாகச் சுமந்துகொண்டு, அந்த வண்டி தண்டவாளத்தில் போவது மாதிரி போயிற்று. வளைவு தாண்டிய பிறகு சவுரியம்மாள் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் தெரிந்தது.

அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி வலப்பக்கம் இழுத்தது. ஏழு கிலோமீட்டர்தானே, ஆளில்லாத ரோடு. உடம்பை இடப்பக்கம் ஒரு இஞ்சு நகர்த்தி உட்கார்ந்து ஓட்டப் பழகிக்கொண்டார். அப்படியே மூன்று வருஷம் ஓடிற்று.

எண்பத்தாறு, காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம். தேவநாதன் மல்லாட்டையில் விழுந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், பங்குச் சாமியார் சவுரியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார். திண்டிவனத்துக்குக் கிழக்கே, ஓமந்தூர் போகிற வழியில் அதே ஆர்.சி. நிர்வாகத்தின் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார். அந்த இடம் அவளுக்கு. சம்மதமோ இல்லையோ, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை வண்டியில் அவளே பேச்சை எடுத்தாள்.

"திண்டிவனத்துல குப்பம்மா சின்னம்மா வூடு இருக்குது. வாரத்துல அஞ்சு நாளு அங்கத் தங்கிக்கலாம். அங்கருந்து பஸ்ஸு கீது."

"ம்."

"உங்களுக்கு இங்க ஷிப்ட்டு. வர முடியாது."

"ம்."

"வாராவாரம் கொண்டாந்து உட்டுட்டு நீங்க தனியாத் திரும்பணும். அது மெட்ராஸ் போற ட்ரங்க் ரோடு. இந்த வண்டி தனியாப் போனா வலப்பக்கம் இழுக்குது. எதுர லாரி வரும். தேவநாதன் அண்ணன் மல்லாட்டையில உழுந்ததாலத் தப்பிச்சாரு. வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

இருதயராஜ் அந்தப் 'பாக்கறே'னைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த மாதிரி கேட்டார். ஏதோ ஒரு இடத்தில் மணி பேசவில்லை. எந்த இடம் என்று பிடிபடவில்லை. அவரால் போ என்றும் சொல்ல முடியவில்லை, போகாதே என்றும் சொல்ல முடியவில்லை. போ என்றால், இந்த ஏழு கிலோமீட்டர் போய்விடும். அதை விட்டால் அவளோடு பேச அவருக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. போகாதே என்று சொல்லவோ வாய் வரவில்லை. அதனால் சும்மா இருந்தார். சும்மா இருந்ததையே போகாதே என்று அவள் எடுத்துக்கொண்டிருப்பாள் என்று புதன்கிழமைதான் உறைத்தது.

புதன்கிழமை இரவு ஜெபத்துக்கு உட்காரும்போது, "மாடத்துல சவுரியோட ஜெபப் பொஸ்தகம் இருக்கும், எட்றா," என்றாள் அம்மா. எடுத்தார். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த அட்டை ஒன்று நழுவி விழுந்தது. எடை அட்டை. மூன்று வருஷத்தில் பழுத்துப்போயிருந்தது. 'பொறுமையால் காரியம் கைகூடும்' என்பதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், புது மையில், வட்ட வட்டமான டீச்சர் கையெழுத்து: இ. சவுரியம்மாள், தலைமையாசிரியை. கொஞ்சம் பெரிதாக அதே மறுபடி. மூன்றாவதன் கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் இரண்டு புள்ளி.

அட்டையை அதே பக்கத்தில் வைத்து மூடி, அம்மாவிடம் கொடுத்தார். ஜெபமாலை முழுக்க அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும், வாசலில் சாக்கை விரித்துப் போட்டு இடப்பக்கத்து ஷாக்கப்சரைக் கழற்றினார். ரிங்கை எடுத்துத் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். சவுரியம்மாள் உள்ளே பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தெருவைத் தாண்டும் முன்பே அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துவிட்டாள். ஏரிக்கரை வளைவுக்கு முன்னால்:

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கி, குனிந்து, இடப்பக்கத்து ஸ்பிரிங்கைப் பார்த்தாள்.

"ரிங்க எடுத்துட்டீங்களா?"

"ம்."

"ஏன்?"

அவர் ஏரியைப் பார்த்தார்.

"கேக்கறேன் இல்ல?"

"தனியா வர்ற ரோடு. லாரி வரும்னு நீதான சொன்ன?"

"நான்தான் போவலன்னும் சொன்னனே."

"சொன்ன."

"அப்புறம் இன்னாத்துக்கு எடுத்தீங்க? போடீன்னு வாயால சொல்ல வரல, ஸ்பேனரால சொல்றீங்களா?" குரல் உடைந்தது. "அஞ்சு நாளா வாயத் தொறப்பீங்க, தொறப்பீங்கன்னு ஒக்காந்துக்கினு இருக்கேன். போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சந்தோசமா இருந்துட்டிருப்பேன். போன்னு சொன்னாலும் சந்தோசமாப் போயிருப்பேன். நீங்க வண்டியப் போய்த் தொறக்கறீங்க."

ஒரு பால் சைக்கிள் மணியடித்துக்கொண்டு கடந்து போயிற்று. அது வளைவில் மறைகிறவரை இருதயராஜ் காத்திருந்தார்.

"கார்டப் பாத்தேன்," என்றார்.

"எந்தக் கார்டு?"

"எடைக் கார்டு. பொஸ்தகத்துல இருந்து உழுந்துது."

அவள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுத்து சிவந்திருந்தது. தண்ணீரில் எருமைகள் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தன.

"மூணாவது கையெழுத்து நல்லா இருந்துது," என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போங்க. இன்னைக்காச்சும் வாய்க்கால்ல தள்ளாம கொண்டுபோய் உடுங்க. சாமியார் கிட்ட நாலாவது போடணும்."

இடப்பக்கம் இழுத்த வண்டியை இழுத்துப் பிடித்தபடியே அவர் ஓட்டினார். மிச்ச தூரம் முழுக்க அவர்தான் பேசினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசியதில்லை. பெரும்பாலும் திண்டிவனம் பஸ் நேரங்களைப் பற்றித்தான்.

பரீட்சை லீவில் அவள் பெட்டி கட்டினாள். பாதியில் எழுந்து, ஜன்னலிலிருந்து ரிங்கை எடுத்து வந்து, வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் வைத்தாள்.

"இத ஒரேயடியா எடுத்துட்டா, போவும்போது என்னத் தள்ளிடுவீங்க. முழுசாப் போட்டா, வரும்போது நீங்க உழுவீங்க. பாதியா அறுத்துப் போடுங்க."

"பாதியா?"

"கால் இஞ்சு. போவும்போது எம் பக்கம் கொஞ்சம் இழுக்கட்டும், வரும்போது உங்க பக்கம் கொஞ்சம் இழுக்கட்டும். ரெண்டு பேரும் சமாளிச்சிக்கலாம்."

சீனுவாசனிடம் இதைச் சொன்னபோது, "முழு தப்பே பரவால்லண்ணே, நீ பாதி தப்பு பண்றியே!" என்றார். ஆனாலும் லேத்தில் கூடவே நின்று, மட்டம் பார்த்து, பிசிறில்லாமல் அறுத்துக் கொடுத்தது அவர்தான்.

லீவு முடிந்த திங்கட்கிழமை இருட்டு பிரிவதற்குள் கிளம்பினார்கள். விக்கிரவாண்டி தாண்டி, திண்டிவனம் தாண்டி, கிழக்கே திரும்பினார்கள். வண்டி இடப்பக்கம் லேசாகக் கையை இழுத்துக்கொண்டே வந்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை மடியில் இருந்தது. பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம். பிள்ளைகள் சிலர் வரிசையாக நின்று புது பெரிய டீச்சரை வாய் பிளந்து பார்த்தார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று.

"சனிக்கெழம எத்தினி மணிக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு முடியும். நாலுக்குள்ள வந்துடுவேன்."

"ஜல்தி வரேன்னு ஓட்டாதீங்க. இடப்பக்கம் ஓரமாவே வாங்க."

"ம்."

"ம்முன்னு சொல்லாதீங்க."

"ஓரமாவே வர்றேன்."

ட்ரங்க் ரோட்டில் ஏறியதும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. முந்தி மாதிரி இல்லை, பாதிதான். கையாலேயே சமாளித்துவிடலாம். இருந்தாலும் மூன்று வருஷப் பழக்கம், உடம்பு தானாகவே இடப்பக்கம் ஒரு இஞ்சு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. பின்னாலிருந்து முந்திக்கொண்டு போன கரும்பு லாரியின் மேலிருந்து கிளீனர் எட்டிப் பார்த்துக் கத்தினான்:

"யோவ்! பின்னாடி ஆளே இல்லியே, ஏன்யா கோணலாக் குந்திக்கினு போற? நேராக் குந்து!"

இருதயராஜ் கையை உயர்த்தி, சரி என்று காட்டினார். நேராக உட்காரவில்லை. விழுப்புரம் வரைக்கும் அப்படியேதான் போனார். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.